கையடக்க ஜீபிஎஸ் வாங்கலாமா? காடு, வாவி, உகந்தை நடை போனவர்கள் சொல்லுங்கள்

படுவான்கரையான் — மே 4, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். இந்த முறை கதிர்காமக் கொடியேற்றத்துக்கு அம்மாவும் பெரியம்மாவும் உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுவழியாக நடக்கப் போகிறார்கள். பெரியம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. நேர்த்தி வைத்தாயிற்று, நடந்தே தீருவேன் என்கிறார். நானும் கூடப் போகிறேன். அதற்கு ஒரு கையடக்க ஜீபிஎஸ் கருவி வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

யோசனை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன மாசியில் கூட்டாளிமார் மூன்று பேருடன் குடும்பிமலைக்குப் போயிருந்தேன். ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. இறங்கி வரும்போது ஒரு மாட்டுத்தடத்தைப் பாதை என்று நம்பிப் போய்விட்டோம். அந்தப் பக்கம் எல்லாத் தடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றரை மணித்தியாலம் பற்றைக்குள் சுற்றினோம். பொழுது சாயும் நேரத்தில் எங்கேயோ கிளை முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. போனை எடுத்தால் சிக்னல் இல்லை, படம் வெறும் வெள்ளை, நடுவில் நீலப்புள்ளி மட்டும். கடைசியில் பட்டிக்காரர் ஒருவர் எங்களைக் கண்டு கிறவல் ரோட்டு வரை கூட்டி வந்து விட்டார். அவர் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

போனே போதுமா, தனிக் கருவி வேண்டுமா? எந்த மாடல்? மாமா வாவியில் தோணி விடுகிறவர், அவரும் பாவிக்கக் கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.


ஓட்டமாவடி_சைக்கிள் — மே 4, இரவு 9.15

காசை வீணாக்காதீர்கள், போன் போதும். உங்களுக்கு அன்று நடந்தது ஜீபிஎஸ் பிழை இல்லை. நீலப்புள்ளி நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது போன் செய்மதிகளைப் பிடித்து நீங்கள் நின்ற இடத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. அதன் கீழே விரிக்கப் படம் இல்லை, அவ்வளவுதான். ஜீபிஎஸ் என்பது செய்மதியின் சைகையை வாங்கிக்கொள்வது மட்டுமே, எதையும் அனுப்புவதில்லை. சிம் தேவையில்லை, டேட்டா தேவையில்லை, விமானப் பயன்முறையில் போட்டாலும் வேலை செய்யும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஓஸ்மாண்ட் அல்லது ஓர்கானிக் மேப்ஸ் செயலியில் இலங்கைப் படத்தை முழுதாக இறக்கி வைத்திருந்தால் அன்று உங்களுக்கு மாட்டுத்தடம் கூடத் தெரிந்திருக்கும்.

நான் வாழைச்சேனையிலிருந்து பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி வரை இப்படித்தான் சைக்கிளில் போய் வருகிறேன். இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.


முகத்துவாரம்77 — மே 5, காலை 5.50

தம்பி ஓட்டமாவடி, ரோட்டில் சைக்கிள் ஓடுகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. கடலுக்கும் காட்டுக்கும் அது பொருந்தாது. நான் பாலமீன்மடுவில் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறேன், இருபது வருடத்துக்கு மேலாகக் கையடக்க ஜீபிஎஸ் பாவிக்கிறேன். காலை பத்து மணி வெயிலில் போன் திரையில் என்ன தெரிகிறது என்று ஒரு நாள் கடலில் நின்று பாருங்கள். கருவியின் திரை வேறு வகை, வெயில் விழ விழத்தான் தெளிவாகத் தெரியும், விளக்கே தேவையில்லை. மற்றது, உப்புத்தண்ணீர் பட்ட விரலால் தொடுதிரையைத் தட்டினால் அது உங்கள் பேச்சைக் கேட்காது. கருவியில் பொத்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே அமத்தலாம்.

பற்றரி அடுத்தது. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்றதில் இரண்டு ஏஏ பற்றரி போட்டால் ஏறக்குறைய 25 மணித்தியாலம் ஓடும். முடிந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். போன் செத்தால் அதைக் காட்டில் எங்கே சார்ஜ் போடுவது?

மாமாவுக்கும் வேண்டும் என்றதால் சொல்கிறேன். ஈட்ரெக்ஸ் தண்ணீர் தாங்கும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பது அதன் தரம். ஆனால் மிதக்காது. கைதவறினால் வாவியின் சேற்றுக்குள் போய்விடும். கார்மின் 78 வரிசை மிதக்கும், அதை வள்ளக்காரருக்கென்றே செய்திருக்கிறார்கள். ஈட்ரெக்ஸ்தான் வாங்குவீர்கள் என்றால் ஒரு வலைமிதப்பைக் கயிற்றில் கட்டி விடுங்கள். கரைக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். பற்றரி மூடியின் உட்பக்கம் பச்சை பிடித்தால் அதோடு கதை முடிந்தது.


படுவான்கரையான் — மே 5, காலை 7.20

அண்ணன், வாவியில் படம் சரியாக இருக்குமா? முகத்துவாரம் வருடத்துக்கு வருடம் மாறுகிறதே.


முகத்துவாரம்77 — மே 5, பிற்பகல் 1.30

இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல நினைத்தேன். மாரியில் வாவி நிறைந்து படுவான்கரை வயல் வட்டைகளுக்குள் தண்ணீர் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டி விடுகிறார்கள். கோடையில் மணல் வந்து மூடுகிறது. திரும்ப வெட்டும்போது ஆழமான ஓட்டம் போன வருடம் இருந்த இடத்தில் இருக்காது. கருவியில் இருக்கிற படம் எந்த வருடத்தில் வரைந்ததோ தெரியாது. அந்தப் படத்தில் நீலமாக இருக்கிற இடத்தில் இன்று முழங்கால் அளவுதான் தண்ணீர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடிப் பக்கம் கரையின் உருவமே வேறாகிவிட்டது, உங்களுக்குத் தெரியும்.

அதனால் நான் படத்தைப் பார்த்து உள்ளே வருவதில்லை. பகலில், நல்ல வெளிச்சத்தில், கடல் அடங்கியிருக்கும்போது ஒருமுறை மெதுவாக உள்ளே வந்து அந்த வழியைத் தடமாகப் பதிந்து வைப்பேன். வெட்டின பிறகு பழைய தடத்தை அழித்து விடுவேன். இருட்டில் திரும்பும்போது என் கையால் பதிந்த தடத்தில்தான் வருவேன். கருவியை வாங்கின அன்றே அதில் எல்லாம் இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு அது உதவாது. அதற்குள் இருக்க வேண்டியதை நாம்தான் போட வேண்டும்.

அப்பா காலத்தில் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துத்தான் பாரை, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறையை, பிடிப்பார்கள். வெளிச்சவீடு ஒரு பக்கம், தெற்கே ஒரு தென்னந்தோப்பு மறுபக்கம். தோப்பைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தப் பார் அப்பாவுக்கு இல்லாமலே போனது. என்னிடம் இப்போது அது ஒரு புள்ளியாக இருக்கிறது. அப்பா இருக்கும்போதே அவரைக் கூட்டிப்போய் அதைக் குறித்திருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் எடுத்தது.


உகந்தைவழி — மே 5, இரவு 10.05

தம்பி படுவான்கரை, நடை பற்றி நான் சொல்கிறேன். ஆறு முறை போயிருக்கிறேன், அதில் மூன்று முறை கருவியோடு.

முதலில், வழி தெரியாமல் போய்விடும் என்ற பயத்தை விடுங்கள். காட்டுப்பாதை திறந்த பிறகு ஆயிரக்கணக்கான சாமிமார் நடக்கிறார்கள். உகந்தையிலிருந்து குமுக்கன் ஆறு, நாவலடி (மட்டக்களப்பு நாவலடி இல்லை, காட்டுக்குள் இருப்பது), வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம், தடம் ரோட்டுப் போல மிதிபட்டிருக்கும். அரோகராச் சத்தம் முன்னாலும் பின்னாலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கருவி வேண்டியது இரண்டு விசயத்துக்கு. ஒன்று தண்ணீர். அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரம் என்று தெரியாதபோது வயதானவர்கள் பயத்தில் கையில் இருப்பதைக் குடிக்காமல் சேமிப்பார்கள், அதனாலேயே மயங்கி விழுவார்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான், குடியுங்கள் பெரியம்மா என்று சொல்ல முடிந்தால் அவர் குடிப்பார். நான் முதல் முறை தண்ணீர்த் தாங்கி வைத்திருந்த இடங்களையும் கைப்பம்பிகளையும் நிழல் மரங்களையும் குறித்து வைத்தேன். தாங்கிகள் அடுத்த வருடம் வேறு இடத்தில் இருக்கலாம், ஆறும் மரமும் அங்கேதான் இருக்கும்.

மற்றது, தங்கும் இடத்தை விட்டு ஒதுங்கிப் போகிறவர்கள். விறகு பொறுக்க, கைகால் கழுவ, பெண்கள் மறைவிடம் தேடிப் போகும்போதுதான் தடுமாறுவார்கள். நடைப்பாதையில் தடுமாறினவரை நான் கண்டதில்லை. பாதையிலிருந்து இருநூறு அடி தள்ளிப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். பற்றைக்குள் நாலு தரம் திரும்பினால் வந்த திசை மறந்துவிடும். அங்கே கரடி இருக்கிறது, யானை இருக்கிறது. ஒவ்வொரு தங்கலிலும் பாயை விரிக்கும் முன் ஒரு மார்க் போடுங்கள், அதாவது நிற்கிற இடத்தைக் கருவியில் புள்ளியாகப் பதியுங்கள். அதற்குப் பிறகு யார் ஒதுங்கினாலும் கருவியைக் கையில் கொடுத்து விடுங்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு விசயம் பழக்கினால் போதும்: அந்த மார்க்கைத் தெரிவு செய்து, போ என்று அமத்துவது. வீட்டு வளவுக்குள் பத்துத் தரம் செய்து பார்க்கட்டும்.


ஓட்டமாவடி_சைக்கிள் — மே 5, இரவு 10.40

அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அம்மாவிடம் போனைக் கொடுத்துச் செயலியைத் திறக்கச் சொல்வதை விடப் பொத்தான் உள்ள கருவி நல்லது. ஆனால் போனிலும் படத்தை இறக்கி வையுங்கள். ஒன்று விழுந்து உடைந்தால் மற்றது இருக்கும்.


வட்டைக்காரன் — மே 6, காலை 6.30

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். அக்கரைப்பற்று. எனக்கு வட்டை உள்ளே, காட்டோரம். நான் பாவிப்பது பழைய ஈட்ரெக்ஸ், மஞ்சள் நிறம், படம் கிடையாது, வெறும் கோடும் புள்ளியும். அதுவே எனக்குப் போதும். இரவுக் காவலுக்குப் போகிற பாதையில் யானை கடக்கும் இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் வரும்போது அந்த இடத்துக்கு முந்நூறு மீட்டர் முன்னே நிறுத்தி ரோச் அடித்துப் பார்ப்பேன்.

ஒரு கேள்வி. சில வருடமாக என் கருவியில் தேதி முழுப் பிழை. இருபது வருடம் பின்னால் காட்டுகிறது. இடம் மட்டும் சரி. கெட்டுப் போய்விட்டதா?


நிலஅளவை_ஓய்வு — மே 6, காலை 11.10

வட்டைக்காரன் தம்பி, கெடவில்லை. ஜீபிஎஸ் செய்மதிகள் கிழமைகளை 0 முதல் 1023 வரை எண்ணி மீண்டும் 0 இலிருந்து தொடங்குகின்றன. 1024 கிழமை என்றால் 19 வருடமும் சில மாதங்களும். முதல் சுற்று 1999 ஆகஸ்டில் முடிந்தது, இரண்டாவது 2019 ஏப்ரல் 6 இரவு முடிந்தது. பழைய கருவிகள் சில அதற்குப் பிறகு தேதியைப் பின்னால் கொண்டுபோய் விடும். இடக்கணிப்பு பாதிக்கப்படாது. சூரியன் உதிக்கும் நேரம், தடத்தில் பதியும் தேதி ஆகியவற்றை நம்ப வேண்டாம்.

நான் முப்பது வருடம் அளவை வேலையில் இருந்தவன். இழையைத் தொடங்கிய தம்பிக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அப்போது கருவி நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகுதான் கையடக்கக் கருவி காட்டுக்கும் கடலுக்கும் உதவக் கூடியதானது. இப்போது திறந்த வானத்தின் கீழ் மூன்று முதல் ஐந்து மீட்டர். அடர்ந்த மரத்தின் கீழ் அது பத்து, பதினைந்து ஆகலாம். செய்மதிகள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன, அவற்றின் சைகை கீழே வந்து சேரும்போது மிக மெலிந்திருக்கும். இலையும் உங்கள் உடம்பும் கூட மறைக்கும். கருவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தடம் கோணலாக வருகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பையின் தோள்பட்டியில், முகம் வானத்தைப் பார்க்கக் கட்டுங்கள்.

மலைப்பாறை ஓரத்தில் நின்றால் சைகை பாறையில் பட்டுத் தெறித்து வரும், அது இன்னொரு பிழை. இரண்டு அலைவரிசைகளில் கேட்கிற புதிய கருவிகள், கார்மின் 65 போன்றவை, இதை நன்றாகக் குறைக்கும். குடும்பிமலைக்கு அது வேண்டுமா என்றால் வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது பாதைக்குத் திரும்புவது, அதற்குப் பத்து மீட்டர் போதும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விசயம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பூமியின் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டி, இலங்கைக்கு மிக அருகில் போகிறது. அதனால் சூரியன் மறைந்த பிறகு மேல்வானின் அயன்மண்டலம் இங்கே கொந்தளிக்கும். குறிப்பாகப் பங்குனி, சித்திரை, புரட்டாதி, ஐப்பசியில், சூரியனின் செயற்பாடு கூடிய வருடங்களில், இரவு எட்டு மணி முதல் நடுச்சாமம் வரை செய்மதிகள் விட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் புள்ளி துள்ளினால் கருவியைத் தட்டாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள்.


நிலஅளவை_ஓய்வு — மே 6, காலை 11.35

ஒன்று விட்டுவிட்டேன். நில அளவைத் திணைக்களத்தின் பழைய இடவிளக்கப்படத் தாள் யாரிடமாவது இருந்தால், அதிலிருந்து ஆள்கூறு எடுத்துக் கருவிக்குள் நேரே போடக் கூடாது. அந்தத் தாள்கள் கண்டவல (Kandawala) தளத்தை, அதாவது ஆள்கூறு கணக்கிட எடுத்துக்கொண்ட பழைய அடிப்படையை, கொண்டவை. கருவி இயல்பாக டபிள்யூஜிஎஸ் 84 தளத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையில் 200 மீட்டருக்கு மேல் வித்தியாசம், பெரும்பாலும் கிழக்கு மேற்காக. அமைப்புகளில் தளத்தின் பெயர்கள் நீளமாக வரும், அதில் Kandawala என்பதும் இருக்கும். தாளோடு வேலை செய்யும்போது அதற்கு மாற்றுங்கள், முடிந்தவுடன் மறக்காமல் திரும்ப மாற்றுங்கள். 200 மீட்டர் என்பது ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள தூரம்.


கடலடி — மே 6, மாலை 6.15

அளவை ஐயா தளத்தைப் பற்றிச் சொன்னார். எழுதும் முறையிலும் அதே அளவு ஆபத்து இருக்கிறது. நான் பாசிக்குடாவில் சுழியோடிகளைக் கூட்டிப் போகிறவன்.

அகலாங்கு நெட்டாங்கை (அட்சரேகை, தீர்க்கரேகை) மூன்று விதமாக எழுதுவார்கள். பாகையும் தசமமும், பாகை கலை விகலை (டிகிரி, நிமிடம், செக்கன்), பாகையும் தசமக் கலையும். கடலில் எல்லாரும் மூன்றாவது. போனில் பெரும்பாலும் முதலாவது. ஒரு தடவை ஒரு மீனவ அண்ணன் தொலைபேசியில் ஏழு, நாற்பத்து மூன்று தசம் ஐந்து, எண்பத்தொன்று, நாற்பத்தெட்டு என்று ஒரு பாரின் இடத்தைச் சொன்னார். அவர் சொன்னது 7 பாகை 43.5 கலை. கரையிலிருந்த எங்கள் பையன் அதை 7.435 என்றும் 81.48 என்றும் போனில் அடித்து எனக்கு அனுப்பிவிட்டான். அசல் இடம் 7.725, 81.80. நான் பாராமல் அதைக் கருவியில் ஏற்றிக்கொண்டு போனேன். அசலான இடத்திலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர் தள்ளி, அம்பாறை உட்காட்டுக்குள் புள்ளி விழுந்தது. அம்பு கரையைக் காட்டியதால் உடனே விளங்கிவிட்டது. இரண்டு புள்ளியுமே கடலில் விழுந்திருந்தால்? வள்ளத்தில் ஏழு பேர், எண்ணெய் கணக்காக எடுத்திருந்தோம்.

அன்றிலிருந்து யார் எண் சொன்னாலும் பாகையா கலையா என்று வாயால் கேட்டுத்தான் எழுதுகிறேன். தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்றும் பார்ப்பேன். ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். கலைக்கு ஒரு தசம இலக்கம் மட்டும் சொன்னால் அது 185 மீட்டர் அகலத்துக்குள் எங்கேயோ என்று அர்த்தம். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மஸ் விமானந்தாங்கி எங்கள் கடலில்தான் கிடக்கிறது. அது ஏறக்குறைய 180 மீட்டர் நீளம், ஐம்பது மீட்டருக்கும் கீழே. ஒரு இலக்கத்தோடு அங்கே போனால் அவ்வளவு பெரிய கப்பலையே தவறவிடலாம். மூன்று இலக்கம் இருந்தால் இரண்டு மீட்டருக்குள் வரும். அப்புறம் நீரோட்டத்தையும் ஆழமானியையும் பார்த்துத்தான் கயிற்றை இறக்க வேண்டும்.


படுவான்கரையான் — மே 14, இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. பாவித்த ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் ஒன்று கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன். இந்த நாட்டுப் படம் உள்ளே இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுமில்லை, பெரிய ரோட்டு நாலு மட்டும் தெரிகிறது. மற்றது, நின்றுகொண்டு திரும்பினால் அம்பு திரும்பவே இல்லை. இதுவும் பழுதா?


ஓட்டமாவடி_சைக்கிள் — மே 14, இரவு 9.30

படம் காசில்லாமல் கிடைக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து கார்மின் கருவிகளுக்கென்றே படம் செய்து தரும் இணையத் தளங்கள் இருக்கின்றன. இலங்கையைத் தெரிவு செய்து இறக்குங்கள், கருவியைக் கணினியில் செருகி, கார்மின் என்ற கோப்புறைக்குள் அந்தக் கோப்பைப் போட்டால் சரி. உகந்தைப் பக்கமும் கல்லோயாப் பக்கமும் சில தடங்கள் அதில் இல்லை. நடந்து முடிந்த பிறகு உங்கள் தடத்தை நீங்களே அதில் சேர்க்கலாம், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். நான் வாகரைப் பக்கம் குறுக்குப் பாதைகள் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.


முகத்துவாரம்77 — மே 15, காலை 5.40

அம்பு பழுது இல்லை தம்பி. 22எக்ஸில் திசைகாட்டி கிடையாது, 32எக்ஸில்தான் உண்டு. உங்களுடையது நீங்கள் நகரும்போது மட்டும்தான் திசையை அறியும். இருபது முப்பது அடி நேரே நடங்கள், அம்பு தானாகத் திரும்பும். நின்ற இடத்தில் சுழன்று பார்த்துத்தான் கனபேர் பிழையான பக்கம் போகிறார்கள். சின்னத் திசைகாட்டி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

முதல் தடவை போடும்போது முற்றத்தில் வானம் தெரிய வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்து வாருங்கள். தூரத்திலிருந்து வந்த கருவி செய்மதி அட்டவணையை முழுதாக வாங்க 12 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மறுபடி சார்ஜ் போடும் பற்றரி என்றால் அமைப்பில் அந்த வகையைத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பாதி இருக்கும்போதே முடிந்தது என்று காட்டும்.


வட்டைக்காரன் — மே 15, காலை 7.00

சேனநாயக்க சமுத்திரத்தில் வள்ளத்தில் போனால் கருவியை மறக்காமல் எடுத்துப் போங்கள். யானைகள் தீவுக்குத் தீவு நீந்துகிற இடம். தண்ணீர் குறைந்த மாதத்தில் படத்தில் குளமாக இருக்கிற இடத்தில் புல்வெளி நிற்கும். நான் என் தடத்தை வீட்டில் பார்த்தபோது புல்லில் நடந்ததெல்லாம் தண்ணீரின் மேல் நடந்ததாகக் காட்டியது. முகத்துவாரம் காக்கா (அண்ணன்) சொன்ன மணல்மேட்டுக் கதைதான் அங்கேயும்.


படுவான்கரையான் — ஜூலை 19, இரவு 8.20

போய் வந்துவிட்டோம். பெரியம்மா நேர்த்தியை முடித்தார். கால் இரண்டும் கொப்புளம், ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உகந்தைவழி அக்கா சொன்னபடியே செய்தேன். உகந்தைக் கோயில் வெளியில் முதல் மார்க், பிறகு ஒவ்வொரு தங்கலிலும் ஒன்று. பற்றரி மூன்று சோடி போனது, ஏனென்றால் முதல் இரண்டு இரவும் கருவியை அணைக்க மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் படுத்திருந்த இடத்திலேயே இரண்டு கிலோமீட்டர் நடந்ததாகக் கணக்கு. புள்ளி அங்குமிங்கும் ஆடினதையெல்லாம் கூட்டியிருக்கிறது. அதனால் மொத்தத் தூரத்தை இங்கே எழுதவில்லை, அது சரியான கணக்கு இல்லை.

தண்ணீர் விசயத்தில் ஒரு பிழை செய்தேன். போன வருடம் போன ஒருவரிடம் வாங்கின புள்ளியை நம்பி, இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டரில் தாங்கி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால் தாங்கியின் அடித்தளம்தான் இருந்தது. பின்னால் வந்த வாகரைச் சாமிமார் தங்கள் போத்தலிலிருந்து ஊற்றித் தந்தார்கள். அதற்குப் பிறகு எதிரே வந்த வாகனக்காரரிடமும் முன்னே போனவர்களிடமும் கேட்டு உறுதி செய்த பிறகுதான் தூரம் சொன்னேன்.

நாவலடிக்கும் வியாழைக்கும் நடுவில் தங்கின இரவுதான் முக்கியம். எங்கள் குழுவில் சேர்ந்து நடந்த ஒரு அம்மா, பேரனோடு விறகுக்குப் போனவர், இருட்டின பிறகும் வரவில்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் தங்கலில் மார்க் இருப்பதைப் பார்த்துவிட்டு, தடப் பதிவையும் தொடங்கி, அரோகரா என்று சத்தம் வைத்துக்கொண்டு போனோம். கால் மணித்தியாலத்தில் பையனின் குரல் கேட்டது. ஒரு பாலை மரத்தடியில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். தங்கலிலிருந்து 380 மீட்டர்தான், கருவியில் பார்த்தேன். அவர்களைக் கண்ட சந்தோசத்தில் நாங்கள் எந்தப் பக்கத்தால் வந்தோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. எங்கும் ஒரே கறுப்பு. கூட வந்த ஒருவர் வலப்பக்கம் என்று அடித்துச் சொன்னார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கருவி நேர் எதிராகச் சொன்னது. முகத்துவாரம் அண்ணன் எழுதினது நினைவு வந்து, நிற்காமல் முப்பது அடி நடந்து பார்த்தேன். அம்பு மாறவில்லை. வந்த தடத்திலேயே திரும்பினோம், பத்து நிமிடத்தில் நெருப்பு வெளிச்சம் தெரிந்தது. அந்த அம்மா கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.


உகந்தைவழி — ஜூலை 19, இரவு 9.45

முருகா. படிக்கும்போதே எனக்கு உடம்பு நடுங்கியது தம்பி. பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், காலுக்கு வேப்பெண்ணெய் போடச் சொல்லுங்கள்.

உங்கள் தடக்கோப்பை அனுப்புவீர்களா? குமுக்கன் ஆற்றைக் கடந்த இடம் என் மூன்று வருடத் தடத்திலும் மூன்று இடத்தில் இருக்கிறது. இந்த வருடம் எந்த இடத்தில் இறங்கினீர்கள், தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.


படுவான்கரையான் — ஜூலை 20, காலை 6.10

அனுப்பிவிட்டேன் அக்கா. கடந்த இடத்தில் பெரியம்மாவுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர், காலை ஏழு மணி. இல்லாமல் போன தாங்கியின் புள்ளியைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கருவி இப்போது வீட்டில் இல்லை. மாமா வலைமிதப்பைக் கட்டி நேற்று மாலையே வாவிக்குக் கொண்டு போய்விட்டார்.